பேல் ஏல், ஊறல், முளைகட்டிய கேழ்வரகு: வாசகர் கேள்விகள்

போன இதழில் இங்கிலாந்தில் வீட்டிலேயே பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர் போடுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருநகர் வாசகி: என் மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். போன வாரம் வீடியோ காலில் அலமாரியைத் திறந்து காட்டினான். உள்ளே பெரிய பிளாஸ்டிக் வாளி, மூடியில் ஒரு குழாய், குபுகுபு என்று சத்தம். பீர் போட்டிருக்கிறேன் அம்மா என்கிறான். கள்ளக்குறிச்சி செய்தியை டிவியில் பார்த்ததிலிருந்து இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கண் போய்விடுமா? போலீஸ் பிடிக்குமா?

பதில்: இரண்டும் நடக்காது அம்மா. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது மெத்தனால். அது தொழிற்சாலையில் பயன்படுகிற கரைப்பான், அதைச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறி கண் நரம்பைத் தாக்கும். உங்கள் மகனுடைய வாளியில் இருப்பது பார்லி மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, எடுத்த இனிப்புத் தண்ணீர். அதில் ஈஸ்ட் போட்டால் அது சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். நொதிக்கும்போது மெத்தனால் வருவது பெரும்பாலும் பழங்களில் இருக்கிற பெக்டினிலிருந்து. தானியத்தில் அது சொற்பம், அதனால் பீரில் மெத்தனால் கணக்கில் சேராத அளவுதான் இருக்கும். அவன் அதைக் காய்ச்சி வடிக்கவும் இல்லை. ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதே மாதிரி உள்ளே உண்டான வாயு குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழியிட்டு வெளியே போகிற சத்தம்தான் நீங்கள் கேட்டது.

சட்டத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 1880-லிருந்து வீட்டில் பீர் போடவும் லைசென்ஸ் வேண்டும் என்று இருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங் அதை எடுத்துவிட்டார். சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், விற்கத்தான் கூடாது. காய்ச்சி வடிப்பதற்கு அங்கேயும் லைசென்ஸ் வேண்டும், அந்தப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

நீங்கள் அவனிடம் கேட்க வேண்டியது வேறு. ஒருமுறை போட்டால் 20 லிட்டர் வரும், அதாவது அரை லிட்டர் பாட்டில் 40. இதை எத்தனை வாரத்தில் குடிக்கிறாய் என்று கேளுங்கள். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அந்த நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரை. ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்த ஆல்கஹால். 4.5 சதவீதப் பேல் ஏல் அரை லிட்டரில் 2.25 யூனிட் இருக்கிறது, ஆக வாரத்துக்கு ஆறு பாட்டிலோடு முடிந்தது. வீட்டிலேயே இருக்கிறது, கையை நீட்டினால் கிடைக்கிறது என்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. அவனோடு குடிக்க நண்பர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள், தப்பில்லை.

திருமங்கலம் வாசகர்: மால்ட், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூ), ஈஸ்ட் எல்லாமே இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. யூடியூப் பார்த்து வீட்டு மாடியிலேயே ஒரு வாளி போடலாம் என்று இருக்கிறேன். விற்கப் போவதில்லை, எனக்கு மட்டும்தான். என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள் சார். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் வருஷத்தது, லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். எனக்கு மட்டும்தான், ஒரே ஒரு வாளிதான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கள்ளையே 1987-லிருந்து தடை செய்து வைத்திருக்கிற மாநிலம் இது. மதுவிலக்குப் போலீஸ் பார்வையில் உங்கள் மாடியில் இருப்பது ஊறல், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டியிருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு ஓர் அளவு வரை அனுமதிக்கலாம் என்பது என் கருத்து, அதைப் பேச வேண்டிய இடத்தில் பேசுவேன். அதுக்காக உங்களை மாட்டிவிட மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேல் ஏல் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்வது 18-லிருந்து 20 டிகிரியில். நம்மூர் மாடியில் சித்திரை வைகாசியில் நிழலிலேயே 38, 40 போகிறது, நொதிக்கும்போது உண்டாகிற சூடு அதற்கு மேலே. அந்தச் சூட்டில் ஈஸ்ட் உடனே சாகாவிட்டாலும் தறிகெட்டு ஓடும். பெயிண்ட் தின்னர் வாசனையும் தலையைப் பிளக்கிற கனமான ஆல்கஹால்களும்தான் மிஞ்சும். ஏசி அறையில் வைத்தாலும் சட்டம் சட்டம்தான். இதைக் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் கடைசிக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள், பாதி வித்தை அதில் இருக்கிறது.

மேலூர் வாசகர், இப்போது லெஸ்டரில்: எம்.எஸ். படிக்கிறேன். ஜனவரியில் முதல் தடவையாக 20 லிட்டர் பேல் ஏல் போட்டேன். ரூமில் ஹீட்டர் ராத்திரியில் அணைந்துவிடும். அஞ்சாம் நாள் குமிழி நின்றுவிட்டது, சர்க்கரை சேர்த்துக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துவிட்டேன். நேற்று ஒன்றைத் திறந்தால் பச்சை ஆப்பிள் வாசனை, நாக்கில் இனிப்பு, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் மாதிரி லேசான நாற்றம்கூட இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மிதவை) வாங்கவில்லை. எங்கே தப்பு?

பதில்: தம்பி, தப்பு எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அத்தனை பாட்டிலையும் மூடியுள்ள கனமான பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே குளிரில் வையுங்கள். தொடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கைக்கு உறை, கழுத்தைச் சுற்றி ஒரு டவல். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாக மூடியை லேசாக நெம்பி வாயுவை விட்டுவிடுங்கள். ஏனென்றால் உங்கள் பீர் முடியவில்லை. ராத்திரிக் குளிரில் ஈஸ்ட் சுருண்டு படுத்துவிட்டது, அதனால்தான் குமிழி நின்றது. தின்னாத சர்க்கரை உள்ளே அப்படியே இருக்கிறது, போதாததற்கு நீங்களும் சர்க்கரை சேர்த்து அடைத்திருக்கிறீர்கள். ரூம் சூடானால் ஈஸ்ட் எழுந்து மிச்சத்தையும் தின்னும், வாயு போக வழியில்லாமல் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு சுவரில் குத்தி நிற்கிற அளவுக்கு வெடிக்கும், விளையாட்டில்லை. இந்த 40 பாட்டிலையும் ஊற்றிவிட்டால்கூட எனக்கு வருத்தமில்லை, நீங்கள் பத்திரமாக இருந்தால் போதும்.

இப்போது வாசனைக்கு வருவோம். பச்சை ஆப்பிள் என்பது அசிட்டால்டிஹைடு. சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிற வழியில் ஈஸ்ட் முதலில் இதை உண்டாக்கி, பிறகு எத்தனாலாக மாற்றுகிறது. வேலை முடியும் முன்னால் நீங்கள் அடைத்துவிட்டதால் பாதியில் நிற்கிறது. பிளாஸ்டர் நாற்றத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினை. அது மால்ட்டிலும் ஹாப்ஸிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாசனை வந்துவிடும், பிறகு எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. அங்கே ஹோம்ப்ரூ கடைகளில் கேம்டன் மாத்திரை கிடைக்கும், பாதி மாத்திரையைப் பொடித்து முதல் நாளே தண்ணீரில் கலந்துவிட்டால் தீர்ந்தது. வாளியைப் பிளீச் போட்டுக் கழுவினாலும் இதே கதைதான், அதற்கென்று விற்கிற கிருமிநாசினியை வாங்குங்கள்.

அடுத்த முறைக்கு என் கணக்கைத் தருகிறேன். பர்மிங்காமில் இருந்த காலத்தில் பலமுறை போட்டுப் பார்த்த அளவு இது, 20 லிட்டருக்கு. மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்துப் பேல் மால்ட் 4 கிலோ, நிறமும் இனிப்பும் தருகிற கிரிஸ்டல் மால்ட் கால் கிலோ. கிரிஸ்டலை இதற்கு மேல் ஏற்றாதீர்கள், பாகு மாதிரி கனத்து இரண்டாவது கிளாஸ் இறங்காது. 11 லிட்டர் தண்ணீரை 72, 73 டிகிரிக்குச் சுட வைத்து மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் 66-க்கு வந்து நிற்கும். ஒரு மணி நேரம் அதே சூட்டில், போர்வை போர்த்திக்கூட வைக்கலாம். வடித்து, 75 டிகிரிச் சுடுதண்ணீர் விட்டு அலசி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் 50 கிராம், இது கசப்புக்கு. முடிய 15 நிமிஷம் இருக்கும்போது 20 கிராம், அடுப்பை அணைக்கும்போது இன்னொரு 20. கடைசி இரண்டும் வாசனைக்கு. ஹாப்ஸைக் கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள், மண், பூ, லேசாகத் தேன், இந்த மூன்றும் தெரிய வேண்டும். சீஸ் வாடை அடித்தால் பழைய சரக்கு, திருப்பிக் கொடுங்கள்.

கொதித்ததைச் சீக்கிரமாக 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள், 1.045 வாக்கில் காட்டும். இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட், 11 கிராம், தூவிவிடுங்கள். இனிமேல் உங்கள் வேலை சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். வாளியைச் சுற்றி ஒரு பழைய கம்பளியும், ஈஸ்ட்டுக்கென்று விற்கிற சின்ன ஹீட் பெல்ட்டும் போதும். இரண்டாம் நாள் மூடி வழியாகப் பார்த்தால் வெள்ளை நுரை ஏறி, அதன் மேல் ஹாப்ஸ் பிசின் பழுப்புத் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். பார்க்க அழுக்காக இருந்தாலும் பயப்படாதீர்கள். நாலைந்து நாளில் அது இறங்கிவிடும். அப்போதும் அடைக்கக் கூடாது! ஆப்பிள் வாசனையைத் துடைக்கிற வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. இரண்டு வாரம் விடுங்கள். 1.011 பக்கம் வந்து, அடுத்தடுத்து மூன்று நாள் அதே எண் காட்டினால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். குமிழியை நம்பாதீர்கள். மூடி சரியாக உட்காராவிட்டாலும் குமிழி நிற்கும், குளிரில் சோர்ந்து போனாலும் நிற்கும். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வந்துவிடும், இங்கே நாலரைக்குப் பக்கம்.

பாட்டிலில் அடைக்கும்போது 20 லிட்டருக்கு 80, 90 கிராம் சர்க்கரை போதும். இங்கிலீஷ் ஏலில் வாயு குறைவாகத்தான் இருக்க வேண்டும், அது சோடா இல்லை. பழுப்பு பாட்டில்தான் நல்லது, வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாறும். பயமாக இருந்தால் பிளாஸ்டிக் பீர் பாட்டில் வாங்குங்கள், அழுத்திப் பார்த்தே உள்ளே எவ்வளவு வாயு என்று தெரிந்துகொள்ளலாம். ரூம் சூட்டில் இரண்டு வாரம், அப்புறம் குளிர்ச்சியான இடத்தில் இரண்டு வாரம். குடிக்கும்போது ஃபிரிட்ஜ் குளிர் வேண்டாம், 12 டிகிரி சுமாருக்கு வந்தால்தான் மால்ட்டின் பிஸ்கட் வாசனை எழும்பும்.

கே.கே. நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்புவதற்காகவே இந்த பீரைக் கண்டுபிடித்தார்கள் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா? இன்னொன்று, பீருக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான பர்ட்டனின் தண்ணீர் கடின நீர் என்பதால்தான் அந்த ருசி என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு போர் தண்ணீரும் கடினம்தான், குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: முதல் கேள்விக்கு, பாதி உண்மை ஐயா. மால்ட்டை விறகுப் புகையில் காயவைக்காமல் கோக் கரியில் காயவைக்கக் கற்றுக்கொண்டதால்தான் வெளிர் நிற மால்ட் பரவலாகக் கிடைத்தது. 1640-களிலேயே டெர்பி பக்கம் அதைச் செய்தார்கள். அப்படிப்பட்ட பீர் இங்கிலாந்திலேயே குடிக்கப்பட்டு வந்தது. லண்டனுக்குக் கிழக்கே போ (Bow) என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்து மதுவாலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற இடம் பக்கத்திலேயே. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணைக்குக் கடன் கொடுத்ததால் அவர்கள் அங்கேயே வாங்கினார்கள். ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட அந்த ஏல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பீப்பாயில் உருண்டு வந்து சேர்ந்தபோது, கெடாமல் இருந்தது மட்டுமில்லை, முன்பைவிட நன்றாகவே இருந்தது. மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கெல்லாம் மசூலா படகில் ஏறி அலையோடு மல்லுக்கட்டித்தான் கரைக்கு வரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த அந்தப் படகை ஓட்டியவர்கள் நம் கடற்கரை ஆட்கள். பீர் வரலாறு எழுதுகிறவர்கள் கப்பல் முதலாளியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இவர்களையும் எழுத வேண்டும். பேல் ஏல் பெரும்பாலும் அதிகாரிகளும் வியாபாரிகளும் குடித்தது. சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் போர்ட்டர் என்ற கறுப்பு பீர்தான் ஏராளமாக வந்தது.

ஹாட்ஜ்சனுக்குப் போட்டியாக 1820-களில் பர்ட்டன் ஊர் மதுவாலைக்காரர் ஆல்சாப் இறங்கினார், பின்னாலேயே அதே ஊர் பாஸ் மதுவாலை. பாஸின் சிவப்பு முக்கோணம்தான் 1876-ல் பிரிட்டனில் பதிவான முதல் வணிகக் குறி. பர்ட்டன் சரக்கு லண்டன் சரக்கை ஓரங்கட்டியதற்குக் காரணம் நீங்கள் கேட்ட தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரும் உங்கள் தெருத் தண்ணீரும் ஒன்றில்லை. பர்ட்டன் நிலத்தடியில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது சுலபத்தில் கீழே படியாது. சல்பேட் இருந்தால் ஹாப்ஸ் கசப்பு நாக்கில் இழுபடாமல் வெடுக்கென்று வந்து முடியும். குக்கர் அடியில் வெள்ளையாகப் படிவது கார்பனேட், கொதித்தாலே பிரிந்துவிடுகிற வகை. கார்பனேட் நிறைய இருந்தால் மால்ட் ஊறும்போது காரத்தன்மை ஏறி, வெளிர் பீரில் கசப்பு கரகரப்பாக நிற்கும். கறுக்க வறுத்த மால்ட்டுக்குக் கொஞ்சம் அமிலம் உண்டு, அது இந்தக் காரத்தைச் சமன்செய்துவிடும். கார்பனேட் தண்ணீர் உள்ள லண்டனும் டப்ளினும் போர்ட்டர், ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்களுக்குப் பேர்போனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கு எந்த ஊரிலும் தண்ணீரில் ஜிப்சம் கலந்து பர்ட்டன் மாதிரி ஆக்கிக்கொள்கிறார்கள்.

ஒத்தக்கடை, கல்லூரி மாணவி: உணவு அறிவியல் படிக்கிறேன். மால்ட்டில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்று பாடத்தில் வருகிறது. மது எதுவும் இல்லாமல் வீட்டில் இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தங்கச்சி! உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் வையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி அரைத்துக்கொள்ளுங்கள். வாசனைக்காக வறுக்காதீர்கள், வறுத்தால் அமைலேஸ் செத்துவிடும்.

முளைகட்டாத சாதா கேழ்வரகு மாவில் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, இரண்டு பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஒன்று கொதிக்கும்போதே முளைகட்டிய மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறுங்கள், ஒன்றும் நடக்காது. மற்றதைச் சமையல் தெர்மாமீட்டரில் 65 டிகிரி வரும்வரை ஆறவிட்டு அதே ஒரு ஸ்பூன் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் கரண்டி சாய்ந்துவிடும், கூழ் நீர்த்துப்போய் மோர் பதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நீங்கள் சேர்க்கவில்லை! குழந்தைகளுக்கு முளைகட்டிய மாவில் கஞ்சி வைப்பதன் காரணமும் இதுதான், கஞ்சி இளக்கமாக இருக்கும்போதே மாவு அதிகம் சேர்க்க முடிகிறது. மூடி வைத்து அரை மணி கழித்து நாக்கில் வைத்தால் இனிப்பு தெரியும். பார்லியில் உள்ள அளவுக்கு பீட்டா அமைலேஸ் கேழ்வரகில் இல்லாததால் இனிப்பு கொஞ்சம் மட்டு.

சாட்சி வேண்டுமென்றால் மெடிக்கலில் டிங்சர் அயோடின் வாங்கி, வெள்ளைத் தட்டில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு வைத்து அயோடின் விடுங்கள். கொதிக்கும்போது போட்டது கருநீலமாகும், மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. மற்றதில் நீலம் குறைந்து பழுப்போ செம்பழுப்போ தெரியும், முழுக்க மாறாவிட்டால் இன்னும் அரை மணி 65-லேயே வைத்துப் பாருங்கள். தட்டில் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும், பாத்திரத்தில் திருப்பி ஊற்றக் கூடாது. லெஸ்டர் தம்பி 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மால்ட் ஊறவைக்கிறாரே, அவர் பாத்திரத்திலும் இதேதான் நடக்கிறது. அந்தச் சூடு 63 ஆனால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடி பீர் மெலிந்து வரும், 69 ஆனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீளச் சர்க்கரை மிஞ்சிக் கனமாக நிற்கும்.

சோளத்தை முளைகட்டி இதைச் செய்ய வேண்டாம், சோள முளையில் சயனைடு விடுகிற துரின் என்ற பொருள் இருக்கிறது. கேழ்வரகுக் கூழை மட்டும் சோதனை முடிந்ததும் ஒரு கொதி விட்டு, பாலும் ஏலக்காயும் சேர்த்து அன்றைக்கே குடித்துவிடுங்கள்.